காப்பிக்காட்டை மாற்றி நடப்போகிறேன்: பருவநிலை மாற்றத்தை மனிதரால் நிறுத்தவோ திருப்பவோ முடியுமா?

நாகலூர்_காப்பி

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பிக்காடு இருக்கிறது, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில். அப்பா காலத்தில் வைத்த அரபிகா வகைக் காப்பி, மேலே நிழலுக்குச் சில்வர் ஓக் மரம், அதில் ஏற்றிய மிளகுக் கொடி, ஓரத்தில் ஆரஞ்சு. கீழ்ச் சரிவில் இருக்கும் செடிகளுக்கு வயதாகிவிட்டது. தண்டுத் துளைப்பான் பூச்சியும் புகுந்து பாதியைக் காலி செய்துவிட்டது. அந்தப் பகுதியை முழுக்கப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடவேண்டிய நிலை.

காப்பி இன்று நட்டால் காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும், அப்புறம் முப்பது வருடமாவது நிற்கும். அதாவது 2055, 2060 வரைக்கும் இந்த மலை எப்படி இருக்கும் என்று ஓரளவாவது தெரிந்தால்தான் எதை நடுவது என்று முடிவெடுக்க முடியும். மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு பத்து நாளில் காடே வெள்ளையாகப் பூத்துவிடும், பின்னாலேயே இன்னொரு மழை வந்தால்தான் பூ பிஞ்சாக நிற்கும். இந்த இரண்டு மழையையும் இப்போது நம்ப முடியவில்லை. அது போதாதென்று பறிப்புக் காலத்தில் வரக்கூடாத மழை வருகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் பழுத்த பழமெல்லாம் உதிர்ந்து சேற்றில் கிடந்தது, பறித்து வைத்ததைக் களத்தில் பரப்ப வெயில் இல்லை, தார்ப்பாய்க்கு அடியிலேயே பூஞ்சணம் பிடித்துவிட்டது.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். "இனி ஒண்ணும் செய்ய முடியாதுப்பா, எல்லாம் கைமீறிப் போச்சு" என்கிறாள். பக்கத்துத் தோட்டக்காரர் "விஞ்ஞானிங்க ஏதாவது மெஷின் கண்டுபிடிச்சு சரிபண்ணிடுவாங்க" என்கிறார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. உண்மையிலேயே இதை மெதுவாக்க முடியுமா? நிறுத்த முடியுமா? பழையபடி திருப்ப முடியுமா? ஆறுதலுக்காகச் சொல்லும் பதில் வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மேட்டூர்_ஓய்வு

நல்ல கேள்வி தம்பி. நான் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், நிலக்கரியோடுதான் என் வாழ்க்கை போயிற்று, அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பதில். மெதுவாக்க முடியும், அது ஏற்கெனவே நடக்கவும் ஆரம்பித்திருக்கிறது. நிறுத்த முடியும், ஆனால் அதற்குக் கரியமில வாயு வெளியேற்றம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வரவேண்டும். பழையபடி திருப்புவது நம் ஆயுளில் நடக்காது.

நமக்கெல்லாம் மேட்டூர் அணைக் கணக்கு அத்துப்படி. காலையில் பேப்பரைப் பிரித்தால் நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி, நீர்மட்டம் இத்தனை அடி. பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற, காற்றில் இருக்கும் கரியமில வாயுவும் அப்படித்தான். தொழிற்புரட்சிக்கு முன் அதன் மட்டம் 280 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு. 1958-ல் ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்தபோது 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு, சிமென்ட் மூலம் உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் உள்ளே வருகிறது, கடலும் காடும் மண்ணும் சேர்ந்து அதில் பாதியை இழுத்துக்கொள்கின்றன, மீதி தங்கிவிடுகிறது. 2020 ஊரடங்கில் உலகமே முடங்கியது, அந்த ஆண்டு வெளியேற்றம் 5 சதவீதம்போலக் குறைந்தது, ஆனாலும் மட்டம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. வரத்து குறைந்தது, நிற்கவில்லை, அவ்வளவுதான். "இவ்வளவு செய்தும் குறையவில்லையே" என்று பலரும் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

இனி உங்கள் மகளுக்கு ஒரு விஷயம். இன்றைக்கே வெளியேற்றத்தை நிறுத்தினாலும் வெப்பம் இன்னும் பல பத்தாண்டுகளுக்கு ஏறிக்கொண்டேதான் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். விஞ்ஞானிகளின் இப்போதைய கணிப்பு அப்படியில்லை. நிகர வெளியேற்றம் (மனிதர் வெளியிடுவதில் மனிதர் திரும்ப எடுப்பதைக் கழித்த மிச்சம்) பூஜ்யத்துக்கு வந்ததும் கடல் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை இழுப்பதால் மட்டம் லேசாக இறங்கும், அதே சமயம் கடலின் மேல்பரப்பு மெதுவாகச் சூடேறிக்கொண்டிருக்கும், இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் உலக சராசரி வெப்பம் சில வருடங்களிலேயே ஏறுவதை நிறுத்திவிடும். இறங்காது, ஆனால் ஏறாது. ஆகவே எந்த டிகிரியில் நிற்கப்போகிறோம் என்பது இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது. 1 லட்சம் கோடி டன் வெளியேற்றினால் சுமார் 0.45 டிகிரி ஏறும் என்பது ஐபிசிசி என்ற ஐ.நா. பருவநிலைக் குழுவின் கணக்கு. காட்டை அழிப்பதையும் சேர்த்து இப்போது போகும் வேகத்தில் அது 25 வருடத்து வெளியேற்றம்.

வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்று உலக நாடுகள் 2015-ல் போட்ட பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன்பு, இந்த நூற்றாண்டு முடிவில் தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிட 4 டிகிரி கூடுதலை நோக்கிப் போகிறோம் என்றார்கள். இப்போதைய கொள்கைகளை வைத்துப் பார்த்தால் அது 2.5-க்கும் 3-க்கும் நடுவில் வந்து நிற்கிறது. அதுவும் மோசம்தான். ஆனால் அந்த ஒரு டிகிரி தானாகக் குறையவில்லை. சூரிய மின்தகடு விலையும் பேட்டரி விலையும் 2010-லிருந்து பார்த்தால் பத்தில் ஒரு பங்காகிவிட்டன. 1882-ல் நிலக்கரியில் மின்சாரம் எடுத்து ஊருக்குக் கொடுக்க ஆரம்பித்த இங்கிலாந்து, தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30-ல் மூடிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நம் மாநிலத்தில் காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ராத்திரிக்கு என்ன செய்வது என்பார்கள். கோவை மாவட்டம் காடம்பாறையில் மின்சாரம் மிச்சமாக இருக்கும் நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் 1980-களிலிருந்தே ஓடுகிறது. செய்யத் தெரியாத வேலை எதுவும் இல்லை.

சிரமம் எங்கே என்றால் அளவில். ஒரு 210 மெகாவாட் யூனிட் முழுச் சுமையில் ஓடினால் ஒரு நாளைக்கு 3,000 டன்னுக்கு மேல் நிலக்கரி தின்னும். நாட்டின் நிறுவு திறனில் (எல்லா நிலையங்களும் சேர்ந்து எடுக்கக்கூடிய மின்சார அளவு) பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாததாக மாறிவிட்டது என்று 2025-ல் அறிவித்தார்கள், அது உண்மை. ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் முக்கால் பங்கு நெருக்கி இன்னும் நிலக்கரிதான். 2070-ல் நிகர பூஜ்யம் என்று இந்தியா 2021 கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் சொன்னது. உங்கள் புதுச்செடிகள் அதற்கு முன்பே வயதாகிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி

மேட்டூர் அண்ணா, நீங்கள் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் "மனிதர் கையில் இருக்கிறது" என்றால் எந்த மனிதர் கையில்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் எப்படி?

நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். கண்ணிகளைப் பற்றவைக்கும்போது விசிறி போட முடியாது, தீ ஆடிவிடும், வைத்த பொடி பறந்துவிடும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முன்னால் கேஸ் தீ. 2024 ஏப்ரல், மே மாதத்தில் சேலம் 40 டிகிரியைத் தாண்டி நின்ற நாட்களில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. எங்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. உட்காரவில்லை என்றால் காசு இல்லை. தறி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், அங்கேயும் இதே கதைதான்.

இந்தச் சூட்டை யார் உண்டாக்கினார்கள்? இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்கு 2 டன் கரியமில வாயு, அமெரிக்காவில் 14 டன். இதுவரை உலகம் வெளியேற்றிய மொத்தத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா மட்டும். நம் பங்கு 3, 4 சதவீதம். அந்த 2 டன்னிலும் என் வீட்டுக்கு என்ன இருக்கும்? இரண்டு விசிறி, ஒரு டிவி, ஒரு டிவிஎஸ் எக்ஸெல். அப்புறம் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைத் தவிர்ப்போம், மரம் நடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் என் பையனிடம் உறுதிமொழி வாங்குகிறார்கள். குழந்தை மனதில் இது தன் குற்றம் என்று பதிகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

நிறுத்த முடியுமா என்று கேட்டால், முடியும். யார் எரித்தார்களோ அவர்கள் முதலில் நிறுத்தி, நம்மைப் போன்ற நாடுகள் நிலக்கரியைத் தாண்டிப் போகப் பணமும் தொழில்நுட்பமும் கொடுத்தால் முடியும். கொடுக்காவிட்டால் மெதுவாகத்தான் நடக்கும், அந்த மெதுவுக்கு விலை கொடுப்பது பட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஆள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். சாகாமல் வேலை செய்ய என்ன வழி என்பதுதான் எனக்கு வேண்டும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மத்தியானம் வேலை நிறுத்தினால் கூலி, தெருவுக்கு நிழல். வருங்காலத்தில் எத்தனை டிகிரியில் நிற்கும் என்பதைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேசுங்கள்.

ஆத்தூர்_மரவள்ளி

செவ்வாய்ப்பேட்டை நண்பருக்கு என் ஆதரவு. பள்ளி உறுதிமொழி பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

ஆனால் கரியமில வாயுவையே பேசிக்கொண்டிருந்தால் சீக்கிரம் பலன் கிடைக்கிற ஒரு வழி விட்டுப்போகும். மீத்தேன். அதுவும் சூட்டைப் பிடித்து வைக்கும் ஒரு வாயுதான், இதுவரை ஏறிய வெப்பத்தில் ஏறக்குறைய அரை டிகிரி மீத்தேனால் வந்தது. 20 வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் 80 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆனால் காற்றில் அது 12 வருடம்போலத்தான் நிற்கும், அப்புறம் தானே சிதைந்துவிடும். அதனால் மீத்தேனைக் குறைத்தால் அதன் அளவு உண்மையிலேயே கீழே இறங்கும், நம் கண் முன்னாலேயே. முழுப் பிரச்சினையில் "திருப்புவது" என்று துணிந்து சொல்லக்கூடிய ஒரே பகுதி இதுதான் என்பது என் கருத்து. 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைக்கிறோம் என்று 2021-ல் பல நாடுகள் ஒப்புக்கொண்டன, இந்தியா அதில் சேரவில்லை. நெல்லும் மாடும் நம் விவசாயியின் பிழைப்பு என்பதால் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது.

ஆனால் விவசாயியைத் தொடாமலே செய்யக்கூடியது நம் ஊரிலேயே இருக்கிறது. நான் ஜவ்வரிசி ஆலை ஒன்றில் இருக்கிறேன். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, பாலை வடித்து, மாவு படிய வைக்கும்போது வெளியே போகிற கழிவுநீர் கொஞ்சநஞ்சமல்ல. மாவுச்சத்து நிறைந்த தண்ணீர் அது. திறந்த குட்டையில் விட்டால் புளித்து நாறும், கொப்புளம் கொப்புளமாக மேலே கிளம்பும். ஆத்தூர், சேலம் ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். அந்தக் கொப்புளத்தில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். அதே தண்ணீரை மூடிய கலனில் விட்டால் வாயுவைப் பிடித்து அடுப்பெரிக்கலாம், ஜெனரேட்டர் ஓட்டலாம். எங்கள் பக்கம் பல ஆலைகளில் இந்தச் சாண எரிவாயு மாதிரிக் கலன் வந்துவிட்டது. கலன் வைத்த ஆலையில் மின்கட்டணமும் விறகுச் செலவும் குறைந்ததால்தான் அடுத்தவரும் வைத்தார், உலகத்தைக் காப்பாற்ற யாரும் வைக்கவில்லை. எனக்கு அதில்தான் நம்பிக்கை. பால் வடித்து மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது, தண்ணீர் வாயுவாகிறது, மிச்சம் வயலுக்கு.

நெல்லிலும் வழி இருக்கிறது. வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் கணிசமாகக் குறையும், தண்ணீரும் மிச்சம், மகசூலும் அடிபடாது. நம் பெரியவர்கள் தண்ணீர்ப் பஞ்சத்துக்காகச் செய்தது. குப்பைமேடு அதைவிடச் சுலபம், ஈரக்கழிவைப் பிரித்துக் கொடுத்தால் மேடே உருவாகாது.

கருப்பூர்_பாறை

திருப்புவதைப் பற்றி நான் சொல்கிறேன். நான் படித்தது புவியியல், வீடு கருப்பூர்ப் பக்கம். சேலத்திலிருந்து ஓமலூர் போகும்போது வலதும் இடதும் வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேக்னசைட், நம் ஊரில் வெள்ளைக்கல். இதை வெட்டிச் சுட்டுத்தான் உருக்காலை உலைகளுக்கு உள்ளே வைக்கிற சூடு தாங்கும் செங்கல் செய்கிறார்கள்.

அந்த வெள்ளைக்கல் உண்மையில் கல்லாக உறைந்த கரியமில வாயு. பூமியின் ஆழத்திலிருந்து வந்த டுனைட் என்ற பச்சை கலந்த பாறையின் பிளவுகளில் கரியமில வாயு கரைந்த தண்ணீர் இறங்கி, பாறையிலிருக்கும் மக்னீசியத்தோடு சேர்ந்து கார்பனேட்டாகப் படிந்தது. கையில் ஒரு டுனைட் துண்டை எடுத்துப் பார்த்தால் கறுத்த பச்சையின் ஊடே வெள்ளை நரம்பு ஓடுவது தெரியும், சில இடத்தில் நூல் அளவு, சில இடத்தில் முழங்கை அகலம். எடையில் பாதிக்குச் சற்று மேலே கரியமில வாயு. சூளையில் போட்டுச் சுட்டால் அது திரும்ப வெளியே போய்விடும், ஒரு டன் சுத்தமான வெள்ளைக்கல்லுக்கு ஏறத்தாழ அரை டன் வாயு. அதற்கு மேல் சூளைக்கு எரித்த எரிபொருளின் புகை தனி.

இயற்கைக்குக் கரியமில வாயுவைக் கல்லாக்கத் தெரியும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. அதை மனிதர் வேகப்படுத்த முடியுமா? முடிகிறது. ஐஸ்லாந்தில் வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள், இரண்டு வருடத்துக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது. 2016-ல் அந்த முடிவு வெளிவந்தபோது எங்கள் துறையில் எல்லோருக்கும் பெரிய மகிழ்ச்சி. அதே நாட்டில் காற்றிலிருந்து நேரடியாக வாயுவை உறிஞ்சும் ஆலையும் இருக்கிறது. 2024-ல் திறந்த மேமத் என்ற ஆலை ஆண்டுக்கு 36,000 டன் உறிஞ்சும் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது.

இப்போது வகுத்துப் பாருங்கள். 3,700 கோடி டன்னை 36,000-ஆல் வகுத்தால் பத்து லட்சம் ஆலைகள் வேண்டும். அதுவும் ஒரு வருடத்து வெளியேற்றத்தை அதே வருடத்தில் ஈடுகட்ட மட்டும். ஏற்கெனவே காற்றில் சேர்ந்திருப்பதைத் தொடக்கூட இல்லை. அந்த ஆலைகளை ஓட்ட மின்சாரமும் வெப்பமும் வேண்டும், அதை நிலக்கரியில் எடுத்தால் செய்ததற்கு அர்த்தமே இல்லை. டுனைட்டைப் பொடியாக்கி வயலில் தூவலாம் என்றும் ஆராய்கிறார்கள். நல்ல யோசனை, ஆனால் மலையை வெட்டி அரைத்து லாரியில் ஏற்றும் செலவையும், பாறையில் இருக்கும் நிக்கல், குரோமியம் மண்ணில் சேர்வதையும் யோசிக்க வேண்டும். சேலத்துச் சுரங்கப் பகுதியில் வாழ்கிறவன் என்ற முறையில் இன்னும் நாலு மலையை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

அதனால் நாகலூர் அண்ணா, உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்ன மெஷின் இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் எரிப்பதை நிறுத்துவதற்குப் பதிலாக அது வராது. எரிப்பதை முக்கால்வாசி நிறுத்திய பிறகு, விமானம், சிமென்ட், உருக்கு என்று நிறுத்த முடியாத மிச்சத்தை ஈடுகட்ட அது உதவும். இன்னொரு யோசனையும் காதில் விழுந்திருக்கும், வானத்தில் கந்தகத் தூசியைத் தூவி வெயிலை மறைப்பது. 1991-ல் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது உலகம் ஏறத்தாழ அரை டிகிரி குளிர்ந்தது உண்மைதான். ஆனால் தூசி ஓரிரு வருடத்தில் இறங்கிவிடும், ஆகவே வருடா வருடம் தூவிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு போர் வந்தோ பணம் தீர்ந்தோ நிறுத்திவிட்டால் மறைத்து வைத்த சூடு முழுக்க ஒரேயடியாக வந்துவிடும். பருவமழை என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நாம் பருவமழையை நம்பி இருக்கிற மக்கள். எனக்கு இதில் சம்மதமே இல்லை.

மஞ்சக்குட்டை_அக்கா

தம்பி, மற்றவர்கள் உலகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் காட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கும் காப்பிதான்.

மலையில் 100 மீட்டர் மேலே போனால் சுமார் 0.65 டிகிரி குறையும். திருப்பிப் பார்த்தால், ஒரு டிகிரி வெப்பம் கூடினால் உன் காடு 150 மீட்டர் கீழே இறங்கிய மாதிரி. 1,300 மீட்டரில் இருக்கும் உன் செடிக்கு 1,150 மீட்டர் வெயில். ஏற்கெனவே உலகம் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது, இன்னும் ஒரு டிகிரி ஏறினால் அரபிகாவுக்குக் கஷ்டம்தான், ஆனால் உன் உயரத்தில் முடியாது என்று இல்லை. 900, 1,000 மீட்டரில் அரபிகா வைத்திருப்பவர்கள்தான் உண்மையிலேயே யோசிக்க வேண்டும். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே 1,620 மீட்டர்போலத்தான், நமக்கு மேலே ஏறிப்போக இடம் இல்லை. மேட்டூர்க்காரர் சொன்னாரே எந்த டிகிரியில் நிற்கப்போகிறோம் என்று, நமக்கு அது அரை டிகிரிக்கு அரை டிகிரி வித்தியாசம் தெரிகிற விஷயம்.

தண்டுத் துளைப்பான் வெயில் படுகிற தண்டைத்தான் தேடி வரும். கீழ்ச் சரிவில் பாதி போய்விட்டது என்றால் முதலில் அங்கே நிழல் எப்படி இருக்கிறது என்று பார். சில்வர் ஓக் மட்டும் இருந்தால், அதுவும் விற்பதற்காகக் கிளை கழித்து நேராக வளர்த்திருந்தால், நிழல் என்று பேருக்குத்தான் இருக்கும். சீக்கிரம் வளரும், மிளகு ஏறும், மரம் விலைபோகும் என்று எல்லோரும் அதையே வைத்தோம். நான் இப்போது பலா, அத்தி, சந்தன வேம்பு என்று கலந்து வைக்கிறேன், கீழ் நிழலுக்குக் கல்யாண முருங்கை. காட்டுக்குள் மத்தியானம் நடந்து பார்த்தால் கலப்பு நிழல் இருக்கிற பக்கம் இலை வாடாமல் நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், காலடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும், கையை உள்ளே விட்டால் ஈரம் தெரியும். பூ மழை பத்து நாள் தள்ளிப்போனாலும் அந்த ஈரத்தில் செடி தாங்குகிறது.

பூச்சி விழுந்த செடியைப் பிடுங்கினால் குவித்து வைக்காதே, உடனே எரித்துவிடு, இல்லாவிட்டால் வண்டு கிளம்பி அடுத்த செடிக்குப் போகும். இதற்கு எரிக்கத் தயங்கவேண்டாம். புதிதாக நடுவதற்குச் சந்திரகிரி என்ற அரபிகா ரகம் வைக்கலாம், இலைத்துரு நோயைத் தாங்கும், புதர் மாதிரி கீழே வரைக்கும் இலை இருப்பதால் தண்டில் வெயில் விழாது. ஆனால் முழுக்க ஒரே ரகத்தை வைத்துவிடாதே. கீழ்ச் சரிவின் அடிப்பகுதியில் ஒரு துண்டில் ரொபஸ்டா என்ற இன்னொரு வகைக் காப்பியை வைத்துப் பார், அதை இந்தத் துளைப்பான் தொடாது, சூட்டையும் தாங்கும். விலை குறைவு, அது உண்மை.

இன்னொன்று. மலையில் மாசி, பங்குனியில் தீ வைக்கிறார்களே, அதைத் தடுத்தால் அதுவே பெரிய வேலை. ஆயிரம் கன்று நட்டேன் என்று படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நடட்டும், நல்லது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் ஐம்பது வருடத்துப் பலாவில் இருக்கும் கார்பனை இந்தக் கன்றுகள் சேர்க்கவே பல வருடம் ஆகும். இருப்பது போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

நாகலூர்_காப்பி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 150 மீட்டர் கணக்கு எனக்கு இதுவரை யாரும் சொல்லாதது அக்கா. கீழ்ச் சரிவு நீங்கள் சொன்ன மாதிரியே வெறும் சில்வர் ஓக்தான். முதலில் நிழல் வைத்துவிட்டு அப்புறம் காப்பி வைப்பதா, சேர்த்தே வைப்பதா?

மேட்டூர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. பாரிஸில் சொன்ன 1.5 டிகிரியை 2024-லேயே தாண்டிவிட்டோம் என்று படித்தேன். அப்படியானால் அந்த இலக்கு முடிந்துபோனதுதானே? மகள் கேட்பதும் அதைத்தான்.

மஞ்சக்குட்டை_அக்கா

சேர்த்தே வை. கல்யாண முருங்கைப் போத்தை (கிளைத் துண்டை) மழை தொடங்கியதும் ஊன்றினால் ஒரே வருடத்தில் நிழல் தந்துவிடும், காப்பிக்கன்று அதற்குக் கீழே எழும்பும். பலாவும் அத்தியும் அதன்பாட்டுக்கு மெதுவாக வரட்டும். இருக்கிற சில்வர் ஓக்கை ஒரேயடியாக வெட்டாதே, மற்றவை தலையெடுத்த பிறகு ஒன்றிரண்டாகக் கழித்துக்கொள்ளலாம். ரகம் பற்றி ஏற்காட்டில் காப்பி வாரிய அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடு, நாற்றும் அங்கேயே விசாரிக்கலாம்.

மேட்டூர்_ஓய்வு

2024 முழு ஆண்டு சராசரி 1.5-ஐத் தாண்டியது உண்மைதான், 1.55 என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. ஆனால் பாரிஸ் இலக்கை ஒரே வருடத்தை வைத்து அளப்பதில்லை, பல வருடச் சராசரியை வைத்துத்தான். அந்தச் சராசரியும் சீக்கிரம் தாண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. அதற்காக 1.6-ம் 2.6-ம் ஒன்றாகிவிடாது. ஒரு டிகிரி கூடினால் காற்று 7 சதவீதம் அதிகம் ஈரத்தைப் பிடிக்கும், ஃபெஞ்சலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு ஒவ்வொரு கால் டிகிரியும் கூடுதல் தண்ணீர். அக்கா சொன்ன உயரக் கணக்கிலும் அப்படித்தான். எங்கே நின்றாலும் அதற்கு அடுத்த படிக்குப் போகாமல் நிற்பதில் லாபம் இருக்கிறது. மகளிடம் ஓசோன் கதையையும் சொல்லுங்கள். 1987-ல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, ஓசோனைத் தின்ற ரசாயனங்களை ஏறக்குறைய முழுக்க நிறுத்தின. அண்டார்க்டிக் ஓட்டை இப்போது ஆறிக்கொண்டு வருகிறது, 2060-களில் பழைய நிலைக்கு வரும் என்கிறார்கள். நிலக்கரி அதைவிடப் பல மடங்கு பெரிய வேலை, ஆனால் எல்லா நாடும் சேர்ந்து ஒன்றை நிறுத்தியதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

செவ்வாய்ப்பேட்டை தம்பி, நீ கேட்டது நியாயம். எந்த மனிதர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்தான், மின்சாரம் எதில் எடுப்பது என்று முடிவு செய்கிறவர்களும், அதற்குப் பணம் போடுகிறவர்களும். உன் பையனுடைய உறுதிமொழியில் அது இல்லை.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி

நன்றி அண்ணா. ஒரு சந்தேகம், கூரை மேல் சோலார் வைத்தால் மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும்தானே? மத்திய அரசு மானியம் பட்டறைக்குக் கிடைக்குமா?

மேட்டூர்_ஓய்வு

நிழல் கிடைக்கும், தகடுக்கும் கூரைக்கும் நடுவே காற்று போக இடம் விட்டு மாட்டினால் கீழே சூடு இறங்குவது நன்றாகவே குறையும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் நேராகப் போல்ட் போடக் கூடாது, ஷீட் விரிசல் விடும், தூசியும் உடம்புக்கு ஆகாது. சுவரிலிருந்து இரும்புச் சட்டம் எழுப்பி அதன்மேல் வைக்க வேண்டும், செலவு கொஞ்சம் கூடும். நீ கேட்ட மத்திய அரசு மானியம் சூர்யகர் என்ற கூரை சோலார் திட்டம், அதில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது, அது வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். 3 கிலோவாட் போட்டால் நாளைக்கு 12 யூனிட் பக்கம் வரும், வருடத்துக்கு ஏறத்தாழ 3 டன் கரியமில வாயு மிச்சம். பட்டறையும் வீடும் ஒரே மாடியில் இருந்தால் வீட்டு மீட்டருக்கு விண்ணப்பித்துத் தகடுகளைப் பட்டறைக் கூரைக்கு மேல் வருகிற மாதிரி வைக்க முடியுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைக் கேள். அதுவரைக்கும் கூரைக்கு இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்துவிடு, பங்குனி பிறக்குமுன் செய்தால் நல்லது.